நாவலாசிரியர் சொல்ல வந்தது என்ன? குழு பாட்காஸ்ட் செய்யும் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

தமிழ் இலக்கியம் படிக்கும் இளங்கலை மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நாவலைப் படித்து, "ஆசிரியர் இதை ஏன் இப்படி எழுதினார்?" என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு 15 நிமிடம் பேசிப் பதிவு செய்வதுதான் இந்தப் பயிற்சி. மேல்நிலை வகுப்பிலும் வாசகர் வட்டத்திலும் இதையே செய்யலாம். வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

"ஆசிரியரின் நோக்கம்" என்றால் எதைத் தேட வேண்டும்?

மூன்று வேறு பொருள்களை இந்த ஒரு சொல்லால் குறிப்பிடுகிறோம். குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலாவது, ஆசிரியர் தன் வாயால் சொன்ன நோக்கம். இது முன்னுரையிலோ பேட்டியிலோ கடிதத்திலோ இருக்கும். இரண்டாவது, நாவல் எழுதப்பட்ட விதத்தில் தெரியும் நோக்கம்: எதை முதலில் சொன்னார், எதை மறைத்தார், யார் வாயால் சொன்னார், எங்கே நிறுத்தினார் என்பவை. மூன்றாவது, படித்தவர்கள் பெற்றுக்கொண்ட பொருள். இது ஆசிரியர் எதிர்பாராததாகவும் இருக்கலாம்.

உங்கள் பாட்காஸ்ட் இரண்டாவதில் நிற்க வேண்டும். முதலாவதைச் சாட்சியாகக் கூப்பிடலாம், மூன்றாவதை ஒப்பிடப் பயன்படுத்தலாம். "ஆசிரியர் பெண்விடுதலையை வலியுறுத்துகிறார்" என்று சொல்லி முடித்துவிட்டால் நாவலைத் திறக்காமலே பேசியதாகத்தான் ஆகும். அந்த வாக்கியம் நூறு நாவல்களுக்குப் பொருந்தும். "இந்த அத்தியாயத்தில் எல்லோரும் பேசுகிறார்கள், அவள் மட்டும் பேசவில்லை. ஆசிரியர் அவளை ஏன் பேசவிடவில்லை?" என்பது அந்த ஒரு நாவலுக்கு மட்டும் உரிய கேள்வி.

ஆசிரியர் மனதில் இருந்தது நமக்கு எப்படித் தெரியும்? "ஆசிரியன் இறந்துவிட்டான்" என்று ஒரு கோட்பாடே இருக்கிறதே?

இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. 1946இல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இரு அமெரிக்க விமர்சகர்கள், ஒரு படைப்பின் வெற்றியை அளக்க ஆசிரியரின் நோக்கத்தை அளவுகோலாக வைப்பது பிழை என்று எழுதினார்கள். அந்த நோக்கம் நமக்கு எட்டுவதுமில்லை, தேவையுமில்லை என்பது அவர்கள் வாதம். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த் 1967இல் இன்னும் ஒரு படி மேலே போய், பொருள் திரண்டு நிற்கும் இடம் ஆசிரியர் அல்ல, வாசகர்தான் என்றார். தமிழிலும் எண்பதுகளிலிருந்து அமைப்பியலை (பொருள் தனித்தனிச் சொல்லில் அல்ல, அவற்றின் உறவுகளில் பிறக்கிறது என்னும் கோட்பாட்டை) ஒட்டி இந்த விவாதம் நடந்துவந்திருக்கிறது.

இதனால் உங்கள் பயிற்சி வீணாகிவிடாது. ஆசிரியரின் மனதைத் திறந்து பார்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அவர் எடுத்த முடிவுகள் பக்கங்களில் இருக்கின்றன. கதை "நான்" என்று தன்மையில் சொல்லப்படுவதும், ஒரு சாவு ஒரே வரியில் முடிவதும், தலைப்பு ஒரு பாத்திரத்தின் பெயராக இருப்பதும் யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்தவை. அந்தத் தேர்வைப் பற்றிப் பேசலாம், மறுக்கலாம், பக்கம் காட்டி நிறுவலாம். "ஆசிரியர் நினைத்தார்" என்று சொல்வதைவிட "நாவல் இப்படிச் செய்கிறது, அதனால் இப்படி எண்ண இடமிருக்கிறது" என்று சொல்லப் பழகினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இதைக் கட்டுரையாகவே எழுதலாமே?

எழுதலாம். ஆனால் கட்டுரையில் உங்களை இடைமறித்துக் கேட்க யாருமில்லை. "எந்தப் பக்கத்தில்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிட்டால், உரைநூலிலிருந்து எடுத்த வரி அங்கேயே நின்றுபோகும். நோக்கம் பற்றிய பேச்சுக்கு இந்த இடைமறிப்பு மிகவும் தேவை, ஏனென்றால் ஊகத்துக்கும் ஆதாரத்துக்கும் இடையில் உள்ள கோடு எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை, கேட்கிறவருக்குத்தான் தெரிகிறது.

எந்த மாதிரி நாவல் எடுக்கலாம்?

200 முதல் 300 பக்கத்துக்குள் இருப்பது நல்லது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய "பொன்னியின் செல்வன்" ஐந்து பாகம். அதை முழுதாக எடுத்த குழு கதைச்சுருக்கம் சொல்லியே 15 நிமிடத்தையும் தீர்த்துவிடும். அதுதான் வேண்டும் என்றால், கதை முடிந்தபின் கல்கி எழுதிய முடிவுரையை மட்டும் எடுங்கள். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு அவர் அங்கே பதில் சொல்கிறார். அதைக் கதைக்குள் சொல்லாமல் ஏன் வெளியே வைத்தார் என்பது ஒரு முழுப் பாட்காஸ்டுக்குப் போதுமான கேள்வி.

நோக்கம் பற்றிப் பேச மிகவும் ஏற்றவை, ஆசிரியர் தன் முடிவையே திரும்பத் தொட்ட படைப்புகள். இரண்டைச் சொல்லலாம்.

ஜெயகாந்தன் "அக்கினிப் பிரவேசம்" சிறுகதையை 1966இல் ஆனந்த விகடனில் எழுதினார். மழையில் ஒருவன் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. பிறகு அவர் எழுதிய "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலில் அந்தத் தாய் அப்படிச் செய்யவில்லை. விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது, மகள் கங்காவின் வாழ்க்கை வேறு வழியில் போகிறது. போதாததற்கு, அந்தச் சிறுகதையை எழுதிய எழுத்தாளரே நாவலுக்குள் ஒரு பாத்திரமாக வருகிறார். இந்த நாவலுக்கு 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பெருமாள்முருகன் 2010இல் எழுதிய "மாதொருபாகன்" நாவலின் கடைசியில் கதைநாயகன் காளியின் நிலை முடிவாகச் சொல்லப்படுவதில்லை. அதற்கு அவர் இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார்: "ஆலவாயன்", "அர்த்தநாரி". ஒன்றில் காளி இறந்துவிடுகிறான், மற்றதில் உயிரோடிருக்கிறான். "ஆசிரியர் மனதில் இருந்த முடிவு எது?" என்ற கேள்வியே இங்கே ஆட்டம் காண்கிறது. ஒரே ஒரு நோக்கம்தான் இருக்க வேண்டும் என்று நம்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்? யார் என்ன செய்வது?

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஐந்து வரை சமாளிக்கலாம். ஆறு பேர் பேசினால் கேட்பவருக்கு யார் குரல் யாருடையது என்று பிடிபடாது, இரண்டு பேர் பேசாமலே இருந்துவிடுவார்கள். மூன்று பேர் என்றால் எதிர்வாதம் செய்பவர் தனித்துவிடுவார்.

ஒருவர் நெறியாளர். அவர் கருத்துச் சொல்லக் கூடாது, கேள்வியும் நேரமும் அவர் பொறுப்பு. ஒருவர் நாவலின் பக்கம் நின்று பேசுவார்: அத்தியாயம், பக்கம், வரி எல்லாம் அவர் கையில். ஒருவர் வெளிச்சான்று பார்ப்பார்: முன்னுரை, பேட்டி, அது வந்த இதழ், காலம். நான்காமவர் மறுப்பவர். குழு எந்த முடிவுக்கு வந்தாலும் அதற்கு எதிராக நாவலிலேயே உள்ள ஓர் இடத்தைத் தேடிக் கொண்டுவருவது அவர் வேலை. நன்றாகப் படித்தவரை மறுப்பவராக வையுங்கள். பலரும் அவரை நெறியாளராக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மறுப்பு வலுவிழந்து, பேச்சு பத்தாவது நிமிடத்திலேயே வற்றிவிடும்.

படிக்கும்போது எப்படிக் குறிப்பெடுக்க வேண்டும்?

இதற்கு நம் கையிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் (நூலை அறிமுகம் செய்யும் முன்னுரை) என்னென்ன சொல்ல வேண்டும் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் வகுத்துக் கொடுக்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வாரும் உண்டு என்கிறது. ஆக 11. தேர்வுக்கு மனப்பாடம் செய்த இந்த நூற்பா நாவலுக்கு அப்படியே கைகொடுக்கும்.

இவற்றில் நான்கு உங்களுக்கு மிகவும் பயன்படும். "கேட்போர்": இதை யார் படிப்பார்கள் என்று எண்ணி எழுதினார்? வார இதழின் குடும்ப வாசகரா, சிற்றிதழ் வாசகரா? "களன்": அன்று நூல் அரங்கேறிய அவை. இன்று அது தொடர் வந்த இதழ் அல்லது வெளியிட்ட பதிப்பகம். "காரணம்": எழுதத் தூண்டியது எது? "நூற்பெயர்": வேறு என்ன தலைப்பு வைத்திருக்கலாம், ஏன் இதை வைத்தார்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கிடைத்த ஆதாரத்தைப் பக்க எண்ணோடு எழுதுங்கள். ஆதாரம் கிடைக்காத பக்கம் வெறுமையாகவே இருக்கட்டும். அதை ஊகத்தால் நிரப்பினால் பதிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

இதோடு ஆளுக்கு ஐந்து இடங்களை நாவலில் குறித்துவர வேண்டும். இடம் என்றால் "ஆசிரியர் இதை வேறு மாதிரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை" என்று தோன்றிய இடம். நான்கு பேரின் இருபது இடங்களையும் ஒன்றாகப் பாருங்கள். இரண்டு பேருக்கு மேல் ஒரே இடத்தைக் குறித்திருந்தால் பாட்காஸ்டின் மையம் அதுதான்.

எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறினால் பக்க எண் மாறும், பதிவின் நடுவில் "என் புத்தகத்தில் அது இல்லையே" என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பழைய நாவல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்துப் படைப்புகளை நூலகம் தளத்திலும் தேடலாம். தொடர் வந்த பழைய இதழ்களைப் பார்க்கச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

முன்னுரையில் ஆசிரியரே நோக்கத்தைச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா?

முடியவில்லை. அங்கேதான் வேலை தொடங்குகிறது.

பி. ஆர். ராஜம் ஐயரின் "கமலாம்பாள் சரித்திரம்" 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. முடிவில் அவர், கதை தனக்கு முக்கியமல்ல, ஆசையில் உழன்ற அமைதியற்ற ஓர் ஆத்மா துன்பங்களைக் கடந்து இன்பநிலை அடைந்ததைச் சொல்வதே நோக்கம் என்று தெளிவாகவே எழுதுகிறார். நல்லது. ஆனால் நாவலைத் திறந்தால் சிறுகுளம் கிராமத்து மக்களின் வம்புப் பேச்சும், அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வாத்தியாரின் கூத்தும் பக்கம் பக்கமாக வருகின்றன. வேதாந்தம் சொல்ல வந்தவர் ஊர் வம்பை இவ்வளவு ரசித்து ஏன் எழுதினார்? சொன்ன நோக்கமும் செய்த காரியமும் விலகி நிற்கும் இந்த இடத்தில்தான் உங்கள் உரையாடல் சூடு பிடிக்கும். வம்பும் அந்த ஆத்மாவைக் கட்டும் உலகத்தில் ஒரு பகுதி என்று ஒருவர் சொல்லலாம். எழுத எழுத அந்த உலகம் எழுத்தாளரை இழுத்துக்கொண்டது என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் நாவலில் இடம் இருக்கிறது.

முன்னுரையைப் பயன்படுத்தும்போது இன்னொன்றையும் பாருங்கள்: அது எந்த ஆண்டில், எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது? முதல் பதிப்பின் முன்னுரையும், பத்தாண்டு கழித்து, விமர்சனங்களைப் படித்தபின் எழுதிய முன்னுரையும் ஒரே மதிப்புள்ள சாட்சிகள் அல்ல. இரண்டாவது, பதில் சொல்லும் மனநிலையில் எழுதியது. ஜெயகாந்தன் போல முன்னுரையிலேயே வாதாடும் எழுத்தாளர்களிடம் இதை நன்றாகக் காணலாம்.

ஒரு பாத்திரம் பேசுவதை ஆசிரியரின் கருத்தாக எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மாணவர் பாட்காஸ்டுகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

சுந்தர ராமசாமியின் "ஜே.ஜே: சில குறிப்புகள்" 1981இல் வந்தது. ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளர் கற்பனைப் பாத்திரம். அவரைப் பற்றி எழுதுகிற பாலுவும் கற்பனைப் பாத்திரம். ஆக, ஜே.ஜே.யின் ஒரு வாக்கியம் நம் கைக்கு வரும்போது பாலு என்ற இன்னொரு கையைத் தாண்டித்தான் வருகிறது. அந்த வாக்கியத்தைப் பிய்த்தெடுத்து "சு.ரா. சொல்கிறார்" என்று மேற்கோள் காட்டினால், அவர் திட்டமிட்டு வைத்த இரண்டு திரைகளையும் நீங்கள் கிழித்துவிடுகிறீர்கள். அந்தக் கருத்து அவருடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் அதை நேரே கட்டுரையாக எழுதாமல் ஏன் இத்தனை திரை போட்டார் என்று கேளுங்கள்.

சங்கப் பாடலில் தலைவி கூற்று, தோழி கூற்று, கண்டோர் கூற்று என்று பிரித்துப் படித்த நமக்கு இது புதிதல்ல. நாவலிலும் ஒவ்வொரு மேற்கோளுக்கும் முன்னால் "யார் கூற்று, யாரிடம்?" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்று குழுவில் விதி வையுங்கள்.

எல்லாவற்றையும் எழுதி வைத்து வாசிக்கலாமா?

வேண்டாம். எழுதி வாசித்தால் முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். மூச்சு தவறான இடத்தில் விழும், மற்றவர் கேட்டதற்குப் பதில் வராது. ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை அளவுத் தாள் போதும். அதில் நான்கு விஷயம்: என் கருத்து ஒரு வரியில், அதற்கான இரண்டு இடங்கள் பக்க எண்ணோடு, எனக்கு எதிராக நிற்கும் ஓர் இடம், நான் இன்னொருவரிடம் கேட்கப்போகும் கேள்வி.

எழுதி வைக்க வேண்டியவை இரண்டு மட்டும். ஒன்று, நெறியாளரின் முதல் 40 வினாடி. நாவல், ஆசிரியர், ஆண்டு, இன்று பேசப்போகும் ஒரே கேள்வி அதில் வந்துவிட வேண்டும். மற்றொன்று, வாசிக்கப்போகும் மேற்கோள்.

15 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: அறிமுகம் 1 நிமிடம், கதை தெரியாதவருக்குத் தேவையான பின்னணி 2 நிமிடம், முதல் இடமும் அதன் மறுப்பும் 5 நிமிடம், இரண்டாவது இடம் 4 நிமிடம், முடிவாகாமல் நிற்பது எது என்ற பேச்சு 3 நிமிடம். பின்னணி இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் நெறியாளர் வெட்ட வேண்டும். மூன்று இடம் எடுக்க ஆசைப்படாதீர்கள், மூன்றும் மேலோட்டமாகப் போய்விடும்.

பேச்சுத்தமிழில் பேசலாமா, எழுத்துத்தமிழிலா?

பேச்சுத்தமிழில் பேசுங்கள். நாவலிலிருந்து வாசிக்கும் வரிகளை அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே கேட்பவருக்கு மேற்கோள் குறியாகிவிடும். வட்டார வழக்கில் எழுதிய நாவலை அந்த வட்டாரத்து மாணவர் வாசித்தால் நல்லது. மற்றவர் அதைப் போலிசெய்து வாசித்தால் கேலிபோல் ஒலிக்கும்.

நல்ல உரையாடல் எப்படி இருக்கும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

மேலே சொன்ன ஜெயகாந்தன் கதையை வைத்து ஒரு மாதிரி:

— அம்மா தண்ணி ஊத்துறதுதான் அவரு சொல்ல வந்தது. அதுல சந்தேகமே இல்ல.
— அப்ப நாவல்ல அந்தத் தண்ணிய ஏன் எடுத்துட்டாரு?
— எடுக்கல. ஊத்தலன்னா என்ன ஆகும்னு காட்டுறாரு.
— அப்ப கதை சொன்னதையேதான் நாவலும் சொல்லுதுங்குறியா? ஆனா கங்கா படிக்கிறா, வேலைக்குப் போறா, தனக்குன்னு யோசிக்கிறா. அம்மா அன்னிக்கே மூடி மறைச்சிருந்தா இந்தக் கங்கா நமக்குக் கிடைச்சிருப்பாளா?
— அது… இரு. அவ தனியா யோசிக்கிற அந்த இடத்த எடு. பக்கம் சொல்லு.

கடைசி வரியைக் கவனியுங்கள். பதில் தெரியாதபோது அவர் சமாளிக்காமல் புத்தகத்துக்குத் திரும்புகிறார். அந்தத் தயக்கத்தை எடிட்டிங்கில் வெட்டிவிடாதீர்கள். ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்வது காதில் கேட்கும் இடம் அது, கட்டுரையில் அது கிடைக்காது.

எல்லோரும் "ஆமா, சரிதான்" என்று ஒத்துப்போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

பெரும்பாலும் காரணம் கேள்வியில் இருக்கும். "ஆசிரியர் சாதியை எதிர்க்கிறாரா?" என்று கேட்டால் "ஆம்" என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. "ஏன் இங்கே?", "ஏன் இவர் வாயால்?", "ஏன் இதைச் சொல்லாமல் விட்டார்?" என்று தொடங்கும் கேள்விகள்தான் ஆளுக்கொரு பதிலைக் கொண்டுவரும்.

இன்னொரு வழி, ஒரு பாத்திரத்தையோ அத்தியாயத்தையோ நீக்கிப் பார்ப்பது. இமையத்தின் "கோவேறு கழுதைகள்" (1994) நாவலில் ஆரோக்கியம் ஊருக்கு வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கீழே இன்னொரு படி இருப்பதை அவள் வாழ்க்கை காட்டுகிறது. நாவல் வந்தபோது இதைப் பாராட்டியவர்களும் உண்டு, கடுமையாக மறுத்தவர்களும் உண்டு. ஆரோக்கியத்தை மையத்திலிருந்து எடுத்துவிட்டு அதே ஊரின் கதையை எழுதினால் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள், ஒத்துப்போன குழுவும் பிரிந்து பேசத் தொடங்கும்.

முழு ஒத்திகை ஒன்றும் பார்க்காதீர்கள். ஒத்திகையில் உண்மையான வாக்குவாதம் நடந்து முடிந்துவிடும், பதிவில் அதன் நகல்தான் வரும். கேள்விகளை மட்டும் முன்னதாகப் பகிருங்கள், பதில்களை வேண்டாம்.

செல்போனில் பதிவு செய்தால் போதுமா?

போதும். அறையும் தூரமும் சரியாக இருந்தால் மைக் வாங்கத் தேவையில்லை.

வெறும் சுவர் உள்ள வகுப்பறையில் குரல் எதிரொலிக்கும். அதைப் பின்னால் நீக்கவே முடியாது. திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி உள்ள சிறிய அறை நல்லது. நூலகத்தில் புத்தக அடுக்குகளுக்கு இடையிலும் எதிரொலி குறைவு. மின்விசிறியை நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம் வேர்த்தாலும் பரவாயில்லை, விசிறியின் இரைச்சல் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கல்லூரி மணி அடிக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே போன் என்றால் மேசை நடுவில் மடித்த துண்டின் மேல் வைத்து, நால்வரும் ஒரே தூரத்தில் நெருங்கி உட்காருங்கள். ஆளுக்கொரு போன் இருந்தால் இன்னும் நல்லது. அவரவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று மோதி "பொப்" என்று கேட்கும். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும். உறை அதை மறைக்கிறதா என்று பாருங்கள். விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுவிடும், நின்றது கடைசியில்தான் தெரியும்.

தொடங்கும்போது ஒருவர் ஒரு முறை கை தட்ட வேண்டும், முடிக்கும்போதும் ஒரு முறை. தனித்தனிப் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பொருத்த அந்தத் தட்டல் உதவும். பேசத் தொடங்கும் முன் 20 வினாடி எல்லோரும் சும்மா இருங்கள். அந்த அமைதி எடிட்டிங்கில் தேவைப்படும். முதல் ஒரு நிமிடத்தைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் முழுப் பதிவுக்குப் போக வேண்டும்.

ஒருவர் வெளியூரில் இருக்கிறார். வாட்ஸ்அப் அழைப்பைப் பதிவு செய்யலாமா?

அழைப்பைப் பதிவு செய்தால் குரல் நசுங்கிவிடும், இணைப்பு தடுமாறும் இடத்தில் சொற்களும் விழுங்கப்படும். அவர் ஒரு போனில் ஹெட்போன் வைத்து உங்களோடு பேசட்டும், இன்னொரு போனில் தன் குரலை மட்டும் பதிவு செய்யட்டும். பிறகு அந்தக் கோப்பை அனுப்பட்டும். அனுப்பும்போது ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

எடிட்டிங்கில் எவ்வளவு செய்ய வேண்டும்?

ஆடாசிட்டி இலவச மென்பொருள், போதுமானது. ஒலியைச் சீராக்கும் முன் வெட்டும் வேலையை முடியுங்கள். வெட்ட வேண்டியவை: கதைச்சுருக்கம் நீண்ட இடம், ஒரே கருத்து இரண்டாம் முறை வந்த இடம், இருமல். 25 நிமிடம் பேசி 15 ஆகக் குறைப்பது இயல்பு. ஒருவர் சொன்ன மறுப்பை வெட்டிவிட்டு அவருடைய "ஆமா"வை மட்டும் வைத்துக்கொள்வது நேர்மையல்ல. வெட்டியபின் நால்வரும் கேட்டு ஒப்ப வேண்டும்.

இரைச்சல் நீக்கத்துக்கு அந்த 20 வினாடி அமைதியில் ஐந்து வினாடியைத் தேர்ந்து மாதிரியாகக் கொடுங்கள். குறைப்பு 6 முதல் 9 டெசிபல் போதும். 20க்கு ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கடைசியில் ஒலியளவைச் சீராக்குங்கள்: மோனோ (ஒற்றைத்தட) கோப்புக்கு மைனஸ் 19 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவை அளக்கும் அலகு). எம்பி3 ஆக, மோனோவில், 96 கேபிபிஎஸ் வைத்தால் 15 நிமிடத்துக்கு ஏறக்குறைய 11 எம்பி வரும்.

நாவலிலிருந்து எவ்வளவு வாசிக்கலாம்? சினிமா இசை சேர்க்கலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். ஜெயகாந்தன் 2015இல் மறைந்தார், எனவே அவர் எழுத்துக்கு 2075 முடியும்வரை உரிமை உண்டு. 1898இல் மறைந்த ராஜம் ஐயரின் எழுத்துக்கு இல்லை. உரிமை உள்ள நூலிலிருந்தும் விமர்சனத்துக்காக நியாயமான அளவு மேற்கோள் காட்டச் சட்டம் இடம் தருகிறது. ஓர் இடத்துக்கு நான்கைந்து வரி, அதைத் தொடர்ந்து உங்கள் பேச்சு என்பது பாதுகாப்பான பழக்கம். முழு அத்தியாயத்தையும் வாசித்து வெளியிடுவது விமர்சனம் ஆகாது. திரைப்பட இசையைத் தவிருங்கள். இசையே இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

சாதி, மதம், பாலுறவு பற்றிய நாவல் என்றால் எச்சரிக்கை வேண்டாமா?

வேண்டும். பேசாமல் விடுவது எச்சரிக்கை அல்ல. "மாதொருபாகன்" நாவலுக்கு எதிராகப் போராட்டம் நடந்து, 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த அறிவிப்பைக் கோட்பாட்டு வகுப்பில் கேட்ட "ஆசிரியன் மரணம்" என்ற சொல்லோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் நோக்கம் பற்றிய விவாதம் வெறும் ஏட்டு விவாதம் அல்ல என்று புரியும். நோக்கத்தைத் தப்பாகக் கற்பித்தால் அது ஓர் ஆளின் வாழ்க்கையில் போய் விழுகிறது.

ஆகவே வாழும் எழுத்தாளரைப் பற்றிப் பேசும்போது அவருடைய சாதியிலிருந்தும் சொந்த வாழ்க்கையிலிருந்தும் நோக்கத்தை வருவிக்காதீர்கள். நாவலில் உள்ள வசைச்சொல்லை வாசிக்க நேர்ந்தால், யார் கூற்று என்று சொல்லிவிட்டு வாசியுங்கள், அல்லது அந்தச் சொல்லை விட்டுவிட்டு விட்டதைச் சொல்லுங்கள். எந்த மாணவரையும் அவர் சமூகத்தின் பிரதிநிதியாகப் பேசச் சொல்லக் கூடாது. வகுப்புக்குள் பகிர்வதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு வேறு. ஏற்ற வேண்டுமென்றால் நால்வரின் சம்மதமும் எழுத்தில் இருக்கட்டும்.

ஆசிரியரையே கூப்பிட்டுக் கேட்டுவிடலாமா?

முதலில் நீங்கள் பேசிப் பதிவு செய்துவிடுங்கள், பிறகு கேளுங்கள். முன்னால் கேட்டால் அவர் சொன்னதையே திரும்பச் சொல்வீர்கள். கேட்கும்போதும் "உங்கள் நோக்கம் என்ன?" என்று கேட்காமல், "இந்த அத்தியாயம் முதல் வரைவிலேயே இங்கே இருந்ததா?" என்பதுபோல் எழுதிய விதத்தைக் கேளுங்கள். பதில் நீளமாகவும் உண்மையாகவும் வரும்.

மதிப்பெண் எப்படி இடுவது?

அகமதிப்பீட்டுக்கு 25 என்றால்: நாவலிலிருந்து காட்டிய ஆதாரத்துக்கு 8, எதிர்வாதத்தை எடுத்துப் பேசியதற்கு 6, கூற்றைப் பிரித்துச் சொன்னதற்கு 4, ஒருவர் சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் சொன்னதற்கு 4, ஒலித்தரத்துக்கு 3. ஒலிக்கு இதற்கு மேல் கொடுத்தால் நல்ல போன் வைத்திருப்பவருக்கு மதிப்பெண் போய்விடும்.

குழுவுக்கு ஒரே மதிப்பெண் இடாதீர்கள். ஆளுக்கு ஐந்து இடம் குறித்த தாளையும் அந்த அஞ்சலட்டைத் தாளையும் கோப்போடு வாங்கிக்கொள்ளுங்கள். குறைவாகப் பேசிய மாணவரின் தாளில்தான் சில சமயம் குழுவின் மையக் கேள்வி இருக்கும். கோப்புக்குப் பெயராக நாவலின் பெயர், குழு எண், தேதி மூன்றையும் வையுங்கள். "புதிய பதிவு 7" என்ற பெயரில் ஆறு குழுக்களின் கோப்புகள் வந்தால் ஒன்றை இன்னொன்றோடு மாற்றிக் கேட்க நேரும்.